ஆப்பிள் விதைக்கு ஃபிரிட்ஜில் ஒரு குளிர்காலம்

ஆப்பிள் தின்றுவிட்டு விதையைத் தொட்டியில் ஊன்றி, ஒன்றும் வராமல் விட்டவர்கள் நம் திருநெல்வேலிப் பக்கம் நிறையப் பேர் இருப்பார்கள். விதைமேல் குற்றமில்லை. குளிர் நாட்டில் உதிரும் விதை உடனே முளைத்தால் பனியில் கருகிவிடும். அதனால் இரண்டு மூன்று மாதம் ஈரமும் குளிரும் பட்ட பிறகே முளைக்கும். வேண்டிய குளிர் 1 முதல் 5 டிகிரி. நம் மார்கழி இரவே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆக, ஃபிரிட்ஜ்தான்.

புரட்டாசியில் தொடங்குங்கள். பழுப்பேறிய, கனமான விதைகளாகப் பத்துப் பதினைந்து எடுத்து, சதை ஒட்டாமல் கழுவி, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். அப்புறம் தென்னை நார்த்தூளை நனைத்து இறுகப் பிழியுங்கள். சொட்டு விழக் கூடாது, கைக்கு ஈரம் தெரிய வேண்டும். காரியமே இந்தப் பதத்தில்தான். ஈரம் கூடினால் பூசணம். குறைந்தால் எத்தனை நாள் குளிரில் கிடந்தாலும் பயனில்லை. விதையை அதில் கலந்து ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதி, காய்கறித் தட்டில் வையுங்கள். ஃப்ரீசர் கூடாது. வீட்டில் சொல்லிவிட்டும் வையுங்கள்: என் முதல் கவரைத் தேயிலைச் சக்கை என்று நினைத்து ஆச்சி குப்பையில் கொட்டிவிட்டாள்.

வாரம் ஒரு தரம் திறந்து பாருங்கள். பூசணம் பிடித்ததை எறிந்துவிட்டு, மற்றதைக் கழுவிப் புது நார்த்தூளில் போடுங்கள். 60 முதல் 90 நாளுக்குள் சிலவற்றில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அவற்றைச் செம்மண், மணல், தொழுவுரம் கலந்த தொட்டியில், வேர் கீழே பார்க்க, ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். அப்போது மார்கழி பிறந்திருக்கும்; நாற்றுக்கு இதமான காலம். பங்குனி வெயிலுக்கு முன் நிழலுக்கு மாற்றிவிடுங்கள்.

பழம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். காய்க்க மரத்துக்கும் வருஷாவருஷம் குளிர் வேண்டும். இது கற்றுக்கொள்ள ஒரு விளையாட்டு, அவ்வளவுதான்.

நம் ஊர் மரங்களுக்கு இந்த வைத்தியம் வேண்டாம். வேப்ப விதைக்குக் குளிர் ஆகாது. பழம் உதிர்ந்ததும் சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். சரக்கொன்றைக்குத் தோல்தான் பூட்டு. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப் போட்டு மறுநாள் வரை விடுங்கள். உப்பியதை விதையுங்கள். உப்பாததை உப்புத்தாளில் ஓரமாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள்.