கரையேறும் முன் மூன்று நாள்: வீட்டைப் புயலுக்குத் தயார் செய்யும் முறை

சென்னை, கடலூர், நாகை, வேதாரண்யம் போன்ற கடற்கரை ஊர்களுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், முதல்முறை சொந்த வீட்டில் மழைக்காலத்தைப் பார்ப்பவர்கள் ஆகியோருக்காக இது. வங்கக்கடல் புயல்கள் தமிழகத்தைத் தாக்குவது பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. காற்று அரை நாளில் ஓய்ந்துவிடும். கரண்ட் இல்லாத, நல்ல தண்ணீர் இல்லாத நாட்கள்தான் நீளம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. ஆகவே கீழே உள்ள வேலைகளில் பாதி காற்றுக்காக, மீதி அதற்குப் பிந்தைய வாரத்துக்காக.

படி 1: அறிவிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வானிலை மையம் சொல்லும் சொற்களுக்குக் கணக்கு உண்டு. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றால் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் காற்று. ஆழ்ந்த தாழ்வு மண்டலம் 50 முதல் 61. 62ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். 89க்கு மேல் தீவிரப் புயல், 118க்கு மேல் மிகத் தீவிரப் புயல்.

60க்கும் 120க்கும் இரண்டு மடங்குதானே என்று நினைக்காதீர்கள். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடியாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 68 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும்.

டிவியில் காட்டும் துறைமுகக் கூண்டு எண் கப்பல்களுக்கானது. 3ஆம் எண் கூண்டைப் பார்த்துப் பதற வேண்டாம். 8, 9, 10 என்றால் பெரும் அபாயம்.

அடுத்து, எங்கே கரையேறுகிறது என்பதைப் பாருங்கள். நம் பக்கத்துப் புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். அது உங்கள் ஊருக்குத் தெற்கே கரையேறினால் காற்று கடலிலிருந்து வரும். கடல் நீர் உள்ளே ஏறும் ஆபத்தும் உங்களுக்குத்தான். வடக்கே கரையேறினால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். சரி, நம் ஊரில் கரையேறவே இல்லை, தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையேறியது ஆந்திராவின் பாபட்லா அருகே. அதற்கு முன் சென்னைக்கு அருகில் கடலிலேயே மெதுவாக நகர்ந்து கொட்டிய மழையில் சென்னை மூழ்கியது. வரைபடத்தில் கோடு எங்கே போகிறது என்பதோடு, எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதையும் கவனியுங்கள்.

படி 2: அங்கேயே இருப்பதா, கிளம்புவதா?

இதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மற்ற வேலையெல்லாம் இதைப் பொறுத்தது. கீற்றுக் கொட்டகை, மண் சுவர், தகர ஷீட் அல்லது சிமென்ட் ஷீட் கூரை, கடலோரத் தாழ்வான தெரு, ஏரியின் உபரிநீர் போகும் வழி: இவற்றில் எதுவானாலும் கிளம்புங்கள். கான்கிரீட் தளம் போட்ட உறவினர் வீடு, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், அரசின் பல்நோக்குப் பாதுகாப்பு மையம் என்று எது கிட்டமோ அங்கே. பகல் வெளிச்சத்தில், பஸ் ஓடும்போதே போய்விட வேண்டும். பிரசவத் தேதி நெருங்கியவர்களையும் டயாலிசிஸ் செய்பவர்களையும் இரண்டு நாள் முன்பே மருத்துவமனை இருக்கும் ஊருக்கு அனுப்பிவிடுவது நல்லது. மரம் விழுந்த சாலையில் 108 வர முடியாது.

மாடு கன்று இருந்தால் மேட்டில் விடுங்கள். கொட்டகையில் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். கயிறு கழுத்தில் இருக்க, தண்ணீர் ஏறினால் அவற்றுக்கு வழியே இல்லை.

படி 3: மொட்டை மாடி (மூன்று நாள் முன்பு)

பலரும் கடைசியாகப் போகும் இடம் இது. முதலில் போங்கள்.

மழைநீர்க் குழாய் வாயில் கிடக்கும் இலை, மண், பழைய செருப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே அதே வேகத்தில் கொட்ட வேண்டும். 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 9,300 லிட்டர். குழாய் அடைத்துக்கொண்டால் ஒன்பது டன்னுக்கு மேல் எடை உங்கள் தலைக்கு மேல் நிற்கும். மாடிப்படி அறை வழியாக வீட்டுக்குள்ளும் இறங்கும். வடிகாலில் கம்பி வலை வைத்தால் இலை அதிலேயே அப்பிக்கொள்ளும். மழை நேரத்தில் வலையை எடுத்துவிடுவதே மேல்.

பூந்தொட்டி, துணிக்கொடிக் கம்பு, உடைந்த நாற்காலி, மிச்ச ஓடு, செங்கல் எல்லாம் கீழே வர வேண்டும். டிஷ் ஆன்டெனாவின் தட்டைக் கழற்றி வையுங்கள். சோலார் பேனல் இருந்தால் கிளாம்ப் போல்ட் ஒவ்வொன்றையும் ஸ்பேனர் வைத்து இறுக்குங்கள்.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பியே வையுங்கள். காலியான 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு பேர் சுலபமாகத் தூக்கும் எடை; நிரம்பினால் ஒரு டன். காலித் தொட்டி பறந்தால் குழாயையும் பிய்த்துக்கொண்டு போகும். மூடியைக் கயிற்றால் குறுக்காகக் கட்டுங்கள்.

மரம் வெட்டுவதானால் இப்போதே. தென்னையில் முற்றிய காய், காய்ந்த மட்டை, பாளை எல்லாம் இறக்குங்கள். முருங்கை முதல் காற்றிலேயே முறியும். வீட்டை ஒட்டியிருந்தால் கிளைகளைக் கழித்துவிடுங்கள். கழித்ததைத் தெருவில் போட்டுவிட்டு வராதீர்கள். அது கால்வாயை அடைக்கும், அல்லது பறந்து யார் கண்ணாடியையோ உடைக்கும்.

படி 4: கூரையும் ஜன்னலும் (இரண்டு நாள் முன்பு)

ஷீட் கூரை என்றால் கணக்கைப் பாருங்கள். 10 அடிக்கு 3 அடி தகர ஷீட்டின் பரப்பு சுமார் 2.8 சதுர மீட்டர். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றில் அதன் மேல் விழும் விசை 190 கிலோ. ஷீட்டின் எடையோ பதினைந்து கிலோகூடத் தேறாது. கூரையின் ஓரத்திலும் மூலையிலும் மேல்நோக்கிய இழுப்பு இன்னும் கூடுதல். அதனால்தான் கூரை எப்போதும் ஓரத்திலிருந்து உரிய ஆரம்பிக்கிறது.

ஓர வரிசைகளில் இருக்கும் ஜே போல்ட், திருகு எல்லாவற்றையும் பாருங்கள். துருப்பிடித்ததை மாற்றுங்கள், விட்டுப்போன இடத்தில் புதிதாகப் போடுங்கள். சிமென்ட் ஷீட்டில் நட்டை மிக இறுக்கினால் ஷீட் கீறிவிடும். வாஷர் ஷீட்டோடு படிந்ததும் நிறுத்துங்கள். அதன் மேல் ஏறும்போது குறுக்குச் சட்டம் போகும் வரிசையில், பலகை போட்டுத்தான் கால் வைக்க வேண்டும். புயல் நேரத்து விபத்துகளில் ஷீட் உடைந்து கீழே விழுவதும் ஒன்று.

மேலே மணல் மூட்டை வைப்பது வழக்கம். தனித்தனியாக வைத்தால் மழையில் வழுக்கி இறங்கிவிடும். 15 கிலோ மூட்டைகளாகக் கட்டி, இரண்டிரண்டாகக் கயிற்றில் பிணைத்து, முகட்டின் இருபக்கமும் ஒவ்வொன்று தொங்குமாறு போடுங்கள். கீற்றுக் கூரைக்கு மீனவக் கிராமங்களில் செய்வதுபோலப் பழைய வலையை மேலே விரித்து, நான்கு பக்கமும் முளையடித்துக் கட்டலாம். இதெல்லாம் கூரையைக் காப்பாற்ற. அதன் அடியில் ஆள் இருக்கலாம் என்பதற்கு அல்ல.

ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவது வீண் வேலை. கண்ணாடிக்கு அது பலம் தராது. உடையும்போது துண்டுகள் பெரிதாக விழும், அவ்வளவுதான். வெளிப்பக்கம் திறக்கும் மரக்கதவு ஜன்னலென்றால், கொக்கியை நம்பாமல் கைப்பிடியை உள்ளே இருக்கும் கம்பியோடு கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். காற்று படாத பக்கத்துச் சுவரில் வெளிநோக்கி உறிஞ்சும் இழுப்பு இருக்கும். அதில்தான் கொக்கி பிடுங்கிக்கொள்ளும். அலுமினிய நகரும் ஜன்னலில் அடித்தடத்தின் சிறு துளைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அடைத்திருந்தால் மழைநீர் தடத்தில் நிரம்பி உள்ளே வழியும். காற்றழுத்தம் சமமாக ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். உள்ளே புகும் காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும்.

படி 5: தண்ணீர்

குடிக்க, சமைக்க ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். நான்கு பேர், ஐந்து நாள்: 80 லிட்டர், அதாவது நான்கு கேன். எச்சரிக்கை வந்த மறுநாள் கேன் கிடைக்காது. இருக்கிற குடம், அண்டா, குக்கர் எல்லாவற்றிலும் பிடித்து மூடி வையுங்கள்.

கீழ்த் தொட்டியையும் நிரப்புங்கள். மண்ணில் புதைத்த காலி பிளாஸ்டிக் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தள்ளிவிடும். மூடிக்குக் கீழே தடித்த பாலித்தீன் விரித்து, மேலே மணல் மூட்டை வையுங்கள்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள்: தெருவில் தண்ணீர் ஏறினால் சாக்கடை, கழிப்பறைக் கோப்பை வழியாகத் திரும்பி வீட்டுக்குள் வரும். பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி, அந்தப் பையைத் துணியில் சுற்றிக் கோப்பையின் வாயில் அமுக்கி வையுங்கள். குளியலறை வடிகால் துளைகளுக்கும் அப்படியே.

படி 6: மின்சாரமும் எரிவாயுவும்

12 வோல்ட், 150 ஆம்பியர் மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் எழுத்தளவில் 1,800 வாட் மணி. கையில் கிடைப்பது 1,100 முதல் 1,200. ஒரு சாதா ஃபேன், இரண்டு எல்இடி பல்பு ஓட்டினால் சுமார் 12 மணி நேரம் வரும். மூன்று வருடப் பேட்டரி என்றால் இதில் பாதியை எதிர்பாருங்கள். முதல் இரவிலேயே தீர்த்துவிடாதீர்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒரு 5,000 எம்ஏஎச் போனை இரண்டரை முறைதான் ஏற்றும். போனின் திரை வெளிச்சத்தைக் குறைத்து, டேட்டாவை அணைத்து வைத்தால் மூன்று நாள் ஓட்டலாம். பாட்டரியில் ஓடும் சிறு ரேடியோ ஒன்று கையில் இருக்கட்டும்; டவர் போனபின் அதுதான் பேசும்.

தண்ணீர் ஏறக்கூடிய வீட்டில் இன்வெர்ட்டர், பேட்டரி, மோட்டார் ஸ்டார்ட்டர், தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் மேலே போக வேண்டும். பேட்டரி 50 கிலோவுக்கு மேல் கனம். இரண்டு பேர் சேர்ந்து, உறுதியான பெஞ்சின் மேல் சாயாமல் வையுங்கள். தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தால் மெயினை மட்டும் அணைத்தால் போதாது. இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். அது ஓடும்வரை பிளக் பாயின்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அடுக்குமாடி என்றால் லிஃப்டை மேல்தளத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அங்கேயே அணையுங்கள்.

சமையல் சிலிண்டர் நிறைந்திருந்தாலும் தண்ணீரில் மிதக்கும். 14.2 கிலோ வாயுவோடு மொத்த எடை 30 கிலோ. அது இடம்பெயர்க்கும் தண்ணீரோ 35 லிட்டர். ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடி போட்டு, நிற்கவைத்து, ஜன்னல் கம்பியோடு சங்கிலியால் கட்டுங்கள்.

படி 7: சாப்பாடு, மருந்து, காகிதம்

அவல், பொரி, பொட்டுக்கடலை, சத்துமாவு, பிஸ்கட், பேரீச்சை, பால் பவுடர், ஊறுகாய். இட்லி மாவைப் புயலுக்கு முந்திய இரவே தீர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடிக்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்தால் இன்னும் கொஞ்சம் நீளும்; உருகியதும் குடிக்கலாம்.

பிபி, சர்க்கரை, தைராய்டு மாத்திரைகள் 15 நாளுக்கு. இன்சுலின் போடுபவர்கள் திறக்காத பேனாக்களைப் பாலித்தீன் பையில் கட்டி, ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வையுங்கள். நாப்கின், குழந்தைக்கு டயப்பர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கொசுவலை.

ஆதார், குடும்ப அட்டை, பத்திரம், பட்டா, பாஸ்புக், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஜிப் கவரில் போட்டு ஒரே பையில், பரணில். குடும்ப அட்டையை வேறெங்கும் வைக்காதீர்கள். மிக்ஜாம் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாக, அந்த அட்டைக்குத்தான் கொடுத்தார்கள். ஏடிஎம்மும் ஜிபேயும் வேலை செய்யாது. நூறும் ஐம்பதுமாக இரண்டாயிரம் ரூபாய் கையில் இருக்கட்டும். வண்டியை மரத்தடியிலும் அடித்தளப் பார்க்கிங்கிலும் விடாதீர்கள்.

சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய எண்கள்: மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, ஆம்புலன்ஸ் 108, சென்னை மாநகராட்சி 1913, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987.

படி 8: காற்று அடிக்கும் நேரம்

ஜன்னல் இல்லாத, அல்லது குறைவாக உள்ள நடு அறையில் எல்லோரும். உள் கதவுகளையும் சாத்துங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், டார்ச் போதும்.

புயலின் கண் உங்கள் மேல் வந்தால் திடீரென்று காற்று நின்றுவிடும், வானம்கூட வெளுக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தாவின் கண் சென்னை மேலேயே கடந்தபோது இப்படித்தான். முடிந்தது என்று வெளியே போகக் கூடாது. மேற்கு நோக்கி நகரும் புயலில் முதலில் காற்று வடக்கிலிருந்து வரும். கண் கடந்ததும் தெற்கிலிருந்து அறையும். முதல் காற்றில் வேர் ஆடிய மரம் இரண்டாவது காற்றில் விழும். ஒரே பக்கம் கயிறு கட்டிய கூரையும் அப்போதுதான் போகும்.

படி 9: விடிந்த பிறகு

செருப்பில்லாமல் இறங்காதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்று மின்னகத்துக்குச் சொல்லுங்கள். கரண்ட் இல்லையே என்று தொட வேண்டாம், யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டர் அதில் ஓடிக்கொண்டிருக்கலாம். நீங்கள் ஜெனரேட்டர் ஓட்டினால் வீட்டுக்கு வெளியே வைத்து ஓட்டுங்கள். மூடிய இடத்தில் அதன் புகை ஆளைக் கொல்லும். தண்ணீர் புகுந்த வீட்டில் ஷூவுக்குள், மெத்தைக்கு அடியில், பாத்திரக் குவியலில் பாம்பு, தேள் ஒதுங்கியிருக்கும். குச்சியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். காலில் புண் உள்ளவர்கள் தேங்கிய நீரில் நடந்து, பிறகு காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் தண்ணீரில் நடந்ததைச் சொல்லுங்கள்.

மூழ்கிய காரை, பைக்கை ஸ்டார்ட் செய்யாதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், இன்ஷூரன்ஸ் காரரும் அதைத்தான் முதலில் கேட்பார். நின்ற இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கீழ்த் தொட்டிக்குள் தெருத் தண்ணீர் போயிருந்தால் முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூன் கிட்டத்தட்ட அவ்வளவு. நேராகக் கொட்டாமல் ஒரு வாளியில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். குடிக்க அதையும் கொதிக்க வைத்தே. நனைந்த மோட்டாரை எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகே போடுங்கள். வெயிலில் ஒரு நாள் காய்ந்ததை நம்பிப் போட்டுச் சுருளை எரித்துக்கொள்பவர்கள் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வரிசையில் நிற்கிறார்கள்.