பிரஷர் பார்க்கும் முன் உடல்வாகைப் பார்க்காதீர்கள்

முகாம்களில் புதிய செவிலியர்கள் இரத்த அழுத்தம் பார்ப்பதைக் கவனிக்கும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளே திரும்ப நடப்பதைக் காண்கிறேன். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுவது போன்றவற்றைப் பயிற்சியிலேயே திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விடுகிறேன்.

ஒல்லியானவரை அனுப்பிவிடுவது

சென்ற மாதம், வரிசை நீண்டுவிட்டதால், மெலிந்த தேகமுள்ள ஒரு பெண்மணியிடம் "உங்களுக்கெல்லாம் பிரஷர் இருக்காதும்மா" என்று சொல்லி ஒரு செவிலியர் அனுப்பிவைத்தார். அவரைத் திரும்ப அழைத்து, ஐந்து நிமிடம் அமரவைத்து அளந்தபோது 168/102 இருந்தது. எனக்கு இன்றும் கோபம் வருவது இந்தத் தவறின் மீதுதான், ஏனெனில் அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எலும்பும் தோலுமாக இருந்த ஒரு தறிக்காரர், "உடம்பில் சதையே இல்லை, எனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்றார், நானும் தலையாட்டிவிட்டேன். ஆறு மாதம் கழித்து, பக்கவாதத்தில் வலது கை விழுந்த நிலையில் அவரைப் பார்த்தேன். நாள் முழுக்கத் தறிக்கயிற்றை இழுத்துப் பழகிய கை அது.

அழுத்தத்தை ஏற்றும் வயது, குடும்பவழி, உப்பு, புகை, சிறுநீரகக் கோளாறு ஆகிய எதுவும் உடல்வாகில் தெரிவதில்லை. கொழுப்பும் அப்படித்தான். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள்: உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை குறியீட்டெண் (BMI) இருவருக்கும் 22.3, ஆனால் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குடையதோ 21.2. ஒல்லி என்று நாம் சொல்லும் உடல் பலவேளைகளில் வயிற்றுக்குள் கொழுப்பைச் சுமந்துகொண்டிருக்கிறது.

"பூசினாற்போல் இருக்கிறேன்" என்பதை ஏற்றுக்கொள்வது

டேப்பை எடுத்து இடுப்பை அளந்துவிடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே நமக்கான எல்லை.

பருத்த கைக்குச் சிறிய பட்டை

அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

எடையை உரக்கச் சொல்வது

தன் உடலை எண்ணி ஏற்கெனவே கூசிக்கொண்டிருப்பவரின் எடையை நாலு பேர் முன்னிலையில் வாசித்தால், அந்தப் பதற்றத்தில் அளவும் ஏறும், மறுமுறை அவர் வருவதும் நின்றுபோகும். மாத்திரை தொடர்ந்து தேவைப்படுகிறவரை இப்படி இழப்பது பெருந்தீங்கு. எடையைச் சீட்டில் எழுதி அவரிடம் மட்டும் காட்டுங்கள்.

இளைப்பதற்கு உண்பதைக் கேளாமல் விடுவது

உடம்பைக் குறைக்கும் தவிப்பில் உண்ணும் பொருளே அழுத்தத்தை ஏற்றக்கூடும். பசியை அடக்கும் சிபுட்ராமின் அத்தகையது. இந்தியாவில் அது 2011-இல் தடை செய்யப்பட்டது. ஆயினும் மூலிகை என்று விற்கப்படும் இளைப்பு மருந்துகளில் அது கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்றால் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். "உடம்பு இளைக்க ஏதாவது?" என்று கேளுங்கள், பையைத் திறந்து டப்பாவை எடுத்து வைப்பார்கள்.