கொல்கத்தா மார்பிள் பேலஸ்: போகும் முன் அனுமதிச் சீட்டு

வங்காளப் பணக்கார வணிகர் ராஜேந்திர மல்லிக் 1835-இல் கட்டிய இந்த மாளிகையில் குடும்பத்தார் இன்றும் வசிக்கிறார்கள். அதனால் வாசலில் டிக்கெட் கவுன்டர் எதையும் தேடாதீர்கள். மேற்கு வங்கச் சுற்றுலாத் துறையின் பி.பி.டி. பாக் (பழைய டல்ஹவுசி சதுக்கம்) அலுவலகத்தில் முந்தின நாளே அடையாள அட்டையைக் காட்டி இலவச அனுமதிச் சீட்டு வாங்கிவிட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: சீட்டில்லாமல் வந்து, வெளியிலிருந்தே தூண்களைப் பார்த்துத் திரும்புகிறார்கள். திங்கள், வியாழன் விடுமுறை.

மகாத்மா காந்தி ரோடு மெட்ரோவில் இறங்கி, முக்தாராம் பாபு தெருவுக்கு நடந்தே போகலாம். சந்து குறுகல், கார் வேண்டாம்.

உள்ளே படம் எடுக்கத் தடை. கூடவே ஓர் ஆள் வருவார், சற்று வேகமாகவே நடத்திச் செல்வார். ஆகவே முதலில் தரையைப் பாருங்கள். பல நிறப் பளிங்கை வெட்டி இழைத்த கோலம் அறைக்கு அறை மாறும். பிறகு, ஒரே மரத்தில் செதுக்கிய விக்டோரியா மகாராணி சிலை. கொரிந்தியத் தூண்களுக்கு (உச்சியில் இலை வேலைப்பாடுள்ள கிரேக்கப் பாணித் தூண்கள்) நடுவே, வங்காள வீடுகளுக்கே உரிய திறந்த முற்றமும் பூஜைக் கூடமும் இருப்பதைத் தவறவிடாதீர்கள். ஐரோப்பிய மாளிகைகளில் இது கிடைக்காது. வெளிச்சம் குறைவு, பகலிலேயே போங்கள்.

தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீடும் நடக்கும் தூரம்தான். ஆனால் அதற்கும் திங்கள் விடுமுறை.