ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் டி2 லேம்ப் மாற்றுவது எப்படி

எங்கள் லேப் மணலியில் இருக்கிறது. நாள் முழுக்கத் தண்ணீர் சாம்பிள்தான். ரீடிங் கொஞ்சம் ஆடினால் போதும், "லேம்ப் போச்சுண்ணே" என்று பையன்கள் வந்து நிற்பார்கள். எந்த லேம்ப் என்று கேட்டால் பதில் வராது. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்பது சாம்பிள் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி. அதன் உள்ளே இரண்டு லேம்ப் இருக்கின்றன: புற ஊதாவுக்கு டியூட்டீரியம், அதாவது டி2, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு டங்ஸ்டன் ஹாலஜன்.

முதலில் போனது எது என்று பாருங்கள். புற ஊதாப் பக்கம் 220 நானோமீட்டரில் நைட்ரேட் ரீடிங் ஆடுகிறது, கண்ணுக்குத் தெரியும் பக்கம் 540-இல் குரோமியம் ரீடிங் அசையாமல் நிற்கிறது என்றால் டி2 மேல் சந்தேகப்படலாம். அப்போதும் அவசரம் வேண்டாம். குவார்ட்ஸ் கியூவெட் (சாம்பிள் ஊற்றி வைக்கும் சிறு குப்பி) வைக்க வேண்டிய இடத்தில் யாராவது சாதாரணக் கண்ணாடிக் கியூவெட்டை வைத்திருந்தால், 220-இல் ஒளியே போகாது. பாதி நாள் வியாதி இதுதான். கியூவெட்டும் சரி, லேம்ப் ஓடிய நேரமும் ஆயிரம் மணியைத் தாண்டிவிட்டது என்றால் புதியதை எடுங்கள்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். டி2-வைப் பற்றவைக்க நூற்றுக்கணக்கான வோல்ட் போகிறது. அரை மணி நேரம் ஆறட்டும். மூடியைத் திறந்ததும், எதையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம். பெரும்பாலும் மூன்று ஒயர் இருக்கும்: இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று ஆனோடுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், நினைவை நம்பாதீர்கள். எங்கள் பக்கம் உப்புக்காற்று. கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருந்தால் புது லேம்ப்பும் சரியாக எரியாது. அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

புது லேம்ப்பை உலோக வளையத்தில் மட்டும் பிடியுங்கள். பவுடர் இல்லாத கையுறை போடுங்கள். கண்ணாடியில் விரல் பட்டால் அந்த எண்ணெய்ப் பசை சூட்டில் அப்படியே சுட்டுப் படிந்துவிடும், அப்புறம் ஒளி குறையும். பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட லென்ஸ் டிஷ்யூவால் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். வளையத்தில் உள்ள வெட்டு, ஹோல்டரில் இருக்கும் பின்னில் உட்கார வேண்டும். உட்காராமல் ஸ்க்ரூவை முறுக்கினால் ஒளி, அது உள்ளே நுழையும் பிளவுக்கு நேராகப் போகாது.

ஹாலஜன் மாற்றுவதென்றால் ஒரு விஷயம். அதே வோல்ட், அதே வாட் என்று கடைப் பல்பை மாட்டுபவர்கள் உண்டு. எரியும்தான். ஆனால் இழை நிற்கும் உயரம் கொஞ்சம் மாறினாலும் எனர்ஜி, அதாவது டிடெக்டருக்குப் போய்ச் சேரும் ஒளி, விழுந்துவிடும்.

மூடியை மூடிய பிறகுதான் கரண்ட். எரியும் டி2-வை வெறும் கண்ணால் எட்டிப் பார்க்காதீர்கள், கண் கெட்டுவிடும். அரை மணி நேரம் சூடாகட்டும். பிறகு பேஸ்லைன் (சாம்பிள் இல்லாத ரீடிங்) எடுத்து, டி2 மட்டும் எரியும்போது எனர்ஜி மோடில் ஸ்கேன் ஓட்டுங்கள். 656.1 நானோமீட்டரில் கூர்மையான உச்சி நிற்க வேண்டும். மேனுவலில் சொன்ன அளவுக்கு மேல் தள்ளி நின்றால் அலைநீளத்தைச் சரிசெய்யாமல் சாம்பிள் போடாதீர்கள். சரியாக நின்றால் மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி, மாற்றிய தேதியை லாக் புக்கில் எழுதுங்கள். ஆடிட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.