ஸ்பானிய வினைச்சொற்களும் சொல்வளமும்: அடிப்படையைத் தாண்டியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வீடுகளைச் சுற்றிக் காட்டும் இளைஞர்களில் சிலரும், காரைக்குடியில் கல்லூரிப் படிப்போடு ஸ்பானியம் கற்பவர்களில் பலரும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். பெயர், ஊர், விலை, வழி ஆகியவற்றைச் சொல்லத் தெரிகிறது. நிகழ்காலத்தில் சிறு வாக்கியங்கள் வருகின்றன. ஆனால் "இந்த வீட்டை யார் கட்டினார்கள், இங்கே எப்படி வாழ்ந்தார்கள்" என்று ஒரு பயணி கேட்டால் நா எழுவதில்லை. ஐரோப்பிய மொழித்தர அளவீட்டில் ஏ2 என்ற அடிப்படை நிலைக்கும் பி1 என்ற இடைநிலைக்கும் நடுவிலுள்ள இடைவெளி இதுதான்.

இதற்கு முக்கியமான காரணம், நாம் ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வினைச்சொல்லைப் பொறுத்தவரை ஸ்பானியம் பல இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நெருக்கமாக நடந்துகொள்கிறது. "வந்தேன்" என்ற ஒரு சொல்லிலேயே வந்தவர் யார் என்பது தெரிந்துவிடுவதுபோல, "கொமோ" என்றால் உண்கிறேன், "கொமேமோஸ்" என்றால் உண்கிறோம். "நான்", "நாங்கள்" என்று தனியே சொல்லத் தேவையில்லை. ஆகவே கீழ்வரும் படிகள் எல்லாவற்றிலும் தமிழ் வாக்கியத்திலிருந்தே புறப்படுகிறோம். தமிழ் கைகொடுக்காத இடங்களையும் ஆங்காங்கே சுட்டுகிறேன்.

படி 1: ஏடும் ஒலியும்

ஒரு நீளமான கோடு போட்ட ஏட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஸ்பானியச் சொற்களை இலத்தீன் அமெரிக்க உச்சரிப்பைத் தழுவித் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் ஏட்டில் அவற்றை ஸ்பானிய எழுத்தில்தான் எழுத வேண்டும். எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்க, 1713-இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு வினைச்சொல்லைத் தேடினால் அதன் எல்லாக் கால வடிவங்களும் அட்டவணையாக வரும்.

எழுத்தின் மேலுள்ள அழுத்தக் குறியை அலங்காரமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். "யேகோ" என்பதில் முதல் அசையை அழுத்தினால் "வந்து சேர்கிறேன்". கடைசி அசையை அழுத்தினால் "அவர் வந்து சேர்ந்தார்". காலமும் ஆளும் அந்த ஒரு குறியில் மாறிவிடுகின்றன. எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள்.

படி 2: இரண்டு இறந்தகாலங்கள்

இடைநிலைக்குப் போகும் வழியில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது. ஸ்பானியத்தில் முடிந்த நிகழ்ச்சிக்கு ஒரு வடிவமும், அப்போது நடந்துகொண்டிருந்த அல்லது வழக்கமாக நடந்த செயலுக்கு வேறொரு வடிவமும் உண்டு. "சாப்பிட்டேன்" என்பதற்குக் "கொமீ". "சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்" என்பதற்குக் "கொமீயா".

நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "அந்தக் காலத்தில் செட்டியார்கள் வணிகத்துக்காகப் பர்மாவுக்குப் போவார்கள்" என்று நாம் சொல்கிறோம். "போவார்கள்" பார்வைக்கு எதிர்காலம். பொருளோ இறந்தகால வழக்கம். இதை அப்படியே ஸ்பானிய எதிர்காலத்தில் பெயர்த்தால், அவர்கள் இனிமேல்தான் போகப்போகிறார்கள் என்று பொருளாகிவிடும். இங்கே வர வேண்டியது வழக்க இறந்தகாலமான "ஈபான்". ஆகவே "அப்போதெல்லாம்" என்ற சொல்லை வாக்கியத்தின் முன்னால் வைத்துப் பாருங்கள். அது பொருந்தினால் வழக்க இறந்தகாலம். "ஒரு நாள்" பொருந்தினால் முடிந்த இறந்தகாலம்.

ஒரு வீட்டைக் காட்டிக்கொண்டே இதைப் பழகலாம். முற்றத்தில் நின்று "இங்கேதான் கல்யாணங்கள் நடக்கும்" என்று பழங்காலத்தைச் சொல்லும்போது "அகீ ஸெ செலெப்ராபான் லாஸ் போதாஸ்". "இங்கே என் பாட்டியின் கல்யாணம் நடந்தது" என்னும்போது "அகீ ஸெ செலெப்ரோ லா போதா தெ மி அபுவேலா". "இங்கே ஒரு பெரிய குடும்பம் வாழ்ந்துவந்தது" என்பதற்கு "அகீ விவீயா ஊனா ஃபமீலியா க்ராந்தெ". "தேக்கைப் பர்மாவிலிருந்து கொண்டுவந்தார்கள்" என்பதற்கு "த்ராஹேரோன் லா தேகா தெ பிர்மானியா". பின்னணி எல்லாம் ஒரு வடிவத்திலும், அதன்மேல் நிகழ்ந்தவை மற்றொரு வடிவத்திலும் வருவதைக் கவனியுங்கள்.

வழக்க இறந்தகாலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் மூன்றே: இருத்தலைக் குறிக்கும் "ஸேர்" "ஏரா" ஆகும்; போதலைக் குறிக்கும் "ஈர்" "ஈபா" ஆகும்; பார்த்தலைக் குறிக்கும் "வேர்" "வேயீயா" ஆகும். முடிந்த இறந்தகாலத்தில்தான் உழைப்பு தேவைப்படுகிறது. தெனேர், எஸ்தார், பொதேர், பொனேர், ஸபேர், கெரேர், வெனீர், அஸேர், தெஸீர், த்ராயேர் ஆகிய பத்தையும் முதலில் மனப்பாடம் செய்யுங்கள். அவற்றின் தன்மை வடிவங்கள் முறையே தூவெ, எஸ்தூவெ, பூதெ, பூஸெ, சூபெ, கீஸெ, வீனெ, ஈஸெ, தீஹெ, த்ராஹெ. பகுதி மாறினாலும் விகுதிகள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஒன்றை எல்லா இடங்களிலும் சொல்லப் பழகினால் மற்றவை எளிதில் படியும்.

இவற்றில் "ஸபேர்" தனிக் கவனத்துக்குரியது. "எனக்குத் தெரிந்திருந்தது" என்றால் "சபீயா". "எனக்குத் தெரியவந்தது" என்றால் "சூபெ". ஆங்கில வழியில் பக்கம் பக்கமாக விளக்கப்படும் இந்த வேறுபாடு தமிழில் இரண்டு சொற்களாகவே தயாராக இருக்கிறது.

படி 3: "இருக்கிறது" என்று சொல்லிப் பார்த்தல்

ஸேர், எஸ்தார் என்ற இரண்டு வினைகளில் எதைப் பயன்படுத்துவது என்ற குழப்பம் இடைநிலையிலும் தீர்வதில்லை. "இது பழைய வீடு" என்று வினையே இல்லாமல் தமிழில் முடியும் வாக்கியத்துக்கு ஸ்பானியத்தில் ஸேர் வேண்டும்: "எஸ் ஊனா காஸா அந்தீகுவா". "வீடு கானாடுகாத்தானில் இருக்கிறது", "கதவு திறந்திருக்கிறது", "சாப்பாடு ஆறியிருக்கிறது" போன்றவை எஸ்தார் பக்கம் போகும். ஆனால் "கல்யாணம் முற்றத்தில் நடக்கிறது" என்பதற்கு ஸேர்தான் வரும். ஒரு நிகழ்ச்சி நடக்கும் இடத்தைச் சொல்ல எஸ்தார் பயன்படாது. தமிழும் அங்கே "இருக்கிறது" என்பதை விட்டு "நடக்கிறது" என்பதற்குப் போய்விடுகிறது அல்லவா? எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நாள்தோறும் பேசும் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

படி 4: "எனக்கு" என்று தொடங்கும் வாக்கியங்கள்

"எனக்கு மாம்பழம் பிடிக்கும்" என்பது "மெ கூஸ்தா எல் மாங்கோ". பிடித்தவர் நான்காம் வேற்றுமையில் நிற்க, பிடித்த பொருளே எழுவாயாக நிற்கிறது. பொருள் பன்மையானால் வினையும் "கூஸ்தான்" என்று மாறும். "எனக்குத் தலை வலிக்கிறது" என்பது "மெ துவேலெ லா கபேஸா". "எனக்கு நேரம் போதவில்லை" என்பது "மெ ஃபால்தா தியேம்போ". "சாவி மறந்துபோய்விட்டது" என்பது "ஸெ மெ ஓல்விதோ லா யாவெ". "டம்ளர் கைதவறி விழுந்துவிட்டது" என்பது "ஸெ மெ காயோ எல் வாசோ". வேண்டுமென்று செய்யாத செயலில் நம்மை ஒதுக்கி வைத்துப் பேசும் அதே வழக்கம் அங்கும் இருக்கிறது. "எனக்கு" என்று தொடங்கும் பத்து வாக்கியங்களை உங்கள் வீட்டுப் பேச்சிலிருந்தே பொறுக்கி எழுதுங்கள்.

பசி, தாகம், தூக்கம், பயம் போன்றவற்றில் இந்த ஒற்றுமை முறிகிறது. ஸ்பானியத்தில் அவற்றை நாம் "உடையவர்" ஆகிறோம்: தெங்கோ ஆம்ப்ரெ, தெங்கோ ஸெத், தெங்கோ ஸ்வேஞோ, தெங்கோ மியேதோ. இவற்றைத் தனியே நெட்டுருப் போட வேண்டியதுதான்.

படி 5: துணைவினைகள்

தமிழில் "கொண்டிரு", "வா", "விடு" ஆகிய துணைவினைகள் செய்யும் வேலையை ஸ்பானியத்தில் சில வினைத்தொடர்கள் செய்கின்றன. "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்பதற்கு "அகாபோ தெ கொமேர்". "இரண்டு ஆண்டுகளாகக் காரைக்குடியில் வசித்துவருகிறேன்" என்பதற்கு "யேவோ தோஸ் ஆஞோஸ் விவியேந்தோ என் காரைக்குடி". "மறுபடியும் படிக்கிறேன்" என்பதற்கு "வுவேல்வோ ஆ லெயேர்". புதிய கால வடிவம் எதையும் கற்காமலேயே பேச்சு முதிர்ச்சி பெறுவதால், இவற்றை விரைவாகக் கைவசப்படுத்திக்கொள்வது நல்லது.

படி 6: ஒரு வீட்டைக்கொண்டு சொல்வளம் பெருக்குதல்

அகரவரிசையில் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் நன்கறிந்த ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு என்று நடந்தபடியே ஒவ்வொரு பொருளின் பெயரையும் அதற்குரிய பால் உணர்த்தும் முன்னொட்டோடு எழுதுங்கள்: லா புவேர்தா என்றால் கதவு, எல் பாதியோ என்றால் முற்றம், லா மதேரா என்றால் கதவு, தூண் செய்யும் மரக்கட்டை, எல் தேச்சோ என்றால் கூரை, எல் ஸ்வேலோ என்றால் தரை, லா பல்தோஸா என்றால் தரையில் பதிக்கும் கல். அடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதற்கு நேரும் செயல்களை எழுதுங்கள். கதவைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள், செதுக்குகிறார்கள்: அப்ரீர், ஸெர்ரார், தயார். பேரேட்டில் வரவும் பற்றும் எதிரெதிரே நிற்பதுபோல, பெயரும் வினையும் ஒரே வரியில் நிற்க வேண்டும். வினை எழுதப்படாத பெயர் ஏட்டில் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடிக் கல் செய்வதை அருகில் நின்று பார்த்து அதையே ஸ்பானியத்தில் சொல்லிப் பார்ப்பது மிகச் சிறந்த பயிற்சி. கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்புச் சட்டத்தை வைக்கிறார்கள். அதன் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். சட்டத்தை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். செய்பவரைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் சொல்ல, வினைக்கு முன்னால் "ஸெ" சேர்த்தால் போதும்: ஸெ போனெ, வைக்கப்படுகிறது, ஸெ வியேர்தெ, ஊற்றப்படுகிறது, ஸெ ஸேகா, உலர்த்தப்படுகிறது. "லாஸ் பல்தோஸாஸ் ஸெ ஆஸென் ஆ மானோ", கற்கள் கையால் செய்யப்படுகின்றன. பணியாரம் சுடுவதையும் இதே முறையில் சொல்லலாம்.

ஒரு வினையிலிருந்து அதன் குடும்பத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். தெனேர் தெரிந்தவருக்கு மந்தெனேர், ஓப்தெனேர், ஸோஸ்தெனேர் மூன்றும் பாதி தெரிந்தவையே. அவை தெனேர் போலவே எல்லாக் காலங்களிலும் மாறும். வளவிலுள்ள தூண் கூரையைத் தாங்குகிறது என்பதற்கு "லா கொலூம்னா ஸோஸ்தியேனெ எல் தேச்சோ". பொனேரிலிருந்து ப்ரொபொனேர், ஸுபொனேர், கொம்பொனேர் கிடைக்கும்; த்ராயேரிலிருந்து அத்ராயேர், திஸ்த்ராயேர் கிடைக்கும். பெயர்ச்சொல்லிலும் இதைச் செய்யலாம்: பான் ரொட்டி, பனதேரோ ரொட்டி சுடுபவர், பனதெரீயா ரொட்டிக்கடை.

ஆங்கிலச் சொற்களைப் போலத் தோன்றும் சிலவற்றில் எச்சரிக்கை தேவை. "எம்பரஸாதா" என்றால் கருவுற்றவர், வெட்கப்பட்டவர் அல்லர். "ஆக்துவால்மெந்தெ" என்றால் தற்போது. "எக்ஸிதோ" என்றால் வெற்றி.

படி 7: உபசரிப்பு வழியாக விருப்ப வினைவடிவம்

பாடநூல்கள் கடைசியில் வைத்து அச்சுறுத்தும் விருப்ப வினைவடிவத்தை (ஆங்கிலத்தில் சப்ஜங்க்டிவ்) நான் உபசரிப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். "உள்ளே வாருங்கள், உட்காருங்கள், சாப்பிட்டுப் பாருங்கள்" என்பது "பாஸெ, ஸியேந்தெஸெ, ப்ருவேபெ". "நீங்கள்" என்ற மரியாதைக்கு ஸ்பானியத்தில் "உஸ்தேத்" உண்டு. அதற்கான ஏவல்கள் எல்லாம் விருப்ப வினைவடிவமே. ஆகவே விருந்தினரை வரவேற்கத் தெரிந்தவருக்கு இந்த வடிவம் ஏற்கெனவே நாவில் இருக்கிறது.

உருவாக்கும் முறை இது: நிகழ்காலத் தன்மை வடிவத்தின் கடைசி ஓகாரத்தை நீக்கி எதிர் உயிரைச் சேர்க்க வேண்டும்; அதாவது ஆர் என முடியும் வினைகளுக்கு எகரம், ஏர், ஈர் என முடிபவற்றுக்கு ஆகாரம். தெங்கோ "தெங்கா" ஆகும், வெங்கோ "வெங்கா" ஆகும், பாஸோ "பாஸெ" ஆகும். இதற்கு அடங்காதவை ஆறு: தார், எஸ்தார், அபேர், ஈர், ஸபேர், ஸேர். "நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்" என்பது "கியேரோ கெ வெங்காஸ்". "நீ செட்டிநாட்டுக்கு வரும்போது" என்று இனி நடக்கப்போவதைச் சொன்னால் "குவாந்தோ வெங்காஸ் ஆ செட்டிநாடு". இந்த நிலைக்கு இவ்வளவு போதும். மற்றவற்றை பி2 நிலைக்கு விட்டுவிடலாம்.

படி 8: மீள்பார்வை

புதிதாகக் கற்றது முதல் நாளிலேயே வேகமாக மறந்துபோவதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஆகவே இன்று எழுதிய வரியை நாளையும், பிறகு சில நாள் கழித்தும், பிறகு இரண்டு வாரம் கழித்தும் பாருங்கள். கைப்பேசியில் இந்த இடைவெளியைத் தானே கணக்கிடும் ஆங்கி என்ற செயலி ஆண்ட்ராய்டில் இலவசம். அதில் தனிச்சொல்லை இடாமல், முன்பக்கம் தமிழ் வாக்கியமும் பின்பக்கம் ஸ்பானிய வாக்கியமும் இருக்கும்படி அட்டைகளைச் செய்யுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை, அதே வீட்டைப் பற்றி ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசி, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது எந்த வினையில் தயங்கினீர்களோ அதை ஏட்டில் குறித்து, அடுத்த வாரப் பேச்சில் அந்த வினையை மூன்று வாக்கியங்களிலாவது கட்டாயம் பயன்படுத்துங்கள். தேர்வெழுத விரும்புவோருக்கு, 1991-இல் ஸ்பெயின் அரசு நிறுவிய செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் டெலே தேர்வில் பி1 நிலை தனியாக உண்டு. அந்நிறுவனத்துக்குப் புது டில்லியில் மையம் இருக்கிறது. தேர்வின் பேச்சுப் பகுதிக்கும் இந்த ஐந்து நிமிடப் பயிற்சியே தொடக்கமாக அமையும்.