குதிரையில் பிரெஞ்சு கிராமங்கள்: எங்கே கோட்டை விடுகிறோம்?

பிரான்சின் தென்மேற்கில் கொரெஸ், லோத் என்ற இரண்டு மாவட்டங்கள் தோர்தோஞ் ஆற்றை ஒட்டித் தொட்டுக்கொள்கின்றன. குதிரையேறி ஊர் ஊராகப் போக விரும்புகிறவர்கள் தேடி வருகிற பகுதிகளில் அதுவும் ஒன்று. கொலோன்ஜ்-லா-ரூஜில் கிளம்பி, தூரென், மார்த்தெல் வழியாக ஆற்றைத் தாண்டி ரோகமதூர் போய், ஒத்துவார், லூப்ரெசாக், கரெனாக் என்று வளைந்து திரும்பினால் ஒரு வாரம் ஆகும். பாரிசிலிருந்து பிரீவ் நகரத்துக்கு ரயிலில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அங்கிருந்து கொலோன்ஜ் பக்கம்தான். போய்ச் சேர்வது சுலபம். அதற்கப்புறம் நடக்கிற குளறுபடிகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில் தொடங்குகின்றன: காரில் போவதுபோல் திட்டம் போட்டுவிட்டுக் குதிரையில் போவது.

மார்த்தெலிலிருந்து ரோகமதூருக்குச் சாலை வழியாக இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். காரில் அரை மணி. குதிரை நடையில் மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் போகும். சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓடவிடலாம். ஆனால் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி மறுபக்கம் ஏறும்போது, செங்குத்தான இடங்களில் நீங்களே இறங்கிக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். மதியம் சேணத்தைக் கழற்றி இரண்டு மணி நேரம் ஓய்வு. ஆக, காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் ஊர் சேர மாலை ஐந்தாகும். ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிலோமீட்டர், சேணத்தில் ஐந்தாறு மணி நேரம் என்பதுதான் நியாயமான கணக்கு. இதற்கு மேல் “வழியில் அந்தக் கோட்டையையும் பார்த்துவிடலாம்” என்று சேர்த்தால் கோட்டையும் கிடைக்காது, குதிரையும் அடுத்த நாள் நொண்டும். கோட்டைக்குள் போக ஆசைப்பட்டால் அந்த ஊரிலேயே இரவு தங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

அடுத்தது, சவாரி தெரியும் என்று நினைத்துக்கொள்வது. யாரோ லகானைப் பிடித்துக்கொண்டு கூட நடக்க, கடற்கரையில் ஒரு சுற்று போனது சவாரியில் சேராது. பிரெஞ்சு குதிரையேற்றக் கூட்டமைப்பு ‘கலோ’ என்ற பெயரில் ஒன்று முதல் ஏழு வரை நிலைகள் வைத்திருக்கிறது. பல நாள் பயணத்துக்குக் குதிரை தருகிற பண்ணைக்காரர்கள் நீங்கள் எந்த நிலை என்று கேட்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் பரவாயில்லை, உண்மையைச் சொன்னால் போதும். நடை, ஓட்டம், பாய்ச்சல் மூன்றிலும் திறந்த வெளியில் குதிரையை நிறுத்த முடியுமா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது. இங்கே கொஞ்சம் கூட்டிச் சொன்னால், அந்த வாரம் முழுக்க உங்களுக்குச் சரிப்படாத குதிரைதான் கிடைக்கும்.

எடை விஷயத்திலும் அப்படித்தான். நீங்கள், சேணம், பைகள் எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 500 கிலோ குதிரைக்கு அது 100 கிலோ. இதில் சேணமே பத்து கிலோவை நெருங்கும். அதனால்தான் பல பண்ணைகள் ஆளின் எடைக்கு 85, 90 கிலோ என்று கோடு போட்டு வைத்திருக்கின்றன. கேட்கும்போது ஐந்து கிலோ குறைத்துச் சொல்வது நமக்குச் சின்ன விஷயம், குதிரையின் முதுகுக்கு அது ஆறு நாள் புண். சேணப்பையிலும் இடது வலது சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தண்ணீர் பாட்டிலும் கேமராவும், மறுபக்கம் ஒரு துண்டு மட்டும் என்றால் சேணம் மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போகும்.

சேணத்தைக் குதிரையின் உடம்போடு இறுக்குகிற வயிற்றுவாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காலையில் சேணம் பூட்டும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். வாரை இழுத்து மாட்டி, சரியாகத்தான் இருக்கிறது என்று ஏறிவிடுவோம். கால் மணி நேரம் நடந்ததும் குதிரை தளர்ந்து மூச்சு விடும், இரண்டு துளை அளவுக்கு வார் தொளதொளவென்று ஆகிவிடும். ஊர் எல்லை தாண்டியதும் ஒருமுறை நின்று, வாருக்கும் உடம்புக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்து, தேவையென்றால் ஒரு துளை ஏற்றிப் போட வேண்டும். போட்டதும் முன்னங்காலை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னால் இழுத்துவிட்டால் வாருக்கு அடியில் மடங்கிய தோல் நேராகிவிடும். இதைச் செய்யாவிட்டால் மூன்றாம் நாள் அந்த இடத்தில் உரசல் காயம் வரும். அப்புறம் நீங்கள் குதிரைக்குப் பக்கத்தில் நடந்துதான் ஊர் போய்ச் சேர வேண்டும்.

ஆற்றைத் தாண்டித் தெற்கே ஏறினால் ‘கோஸ்’ என்று அவர்கள் சொல்கிற சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம். இங்கே செய்கிற தவறுதான் ஆபத்தானது: வழியில் ஓடை இருக்கும் என்று நம்பிப் போவது. மழை பெய்தால் தண்ணீர் பாறை வெடிப்புகளில் இறங்கிவிடுகிறது, மேலே எதுவும் ஓடுவதில்லை. எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமானால் பாதிராக் போகலாம். தரை இடிந்து விழுந்து உண்டான 75 மீட்டர் ஆழக் குழி அது. அதற்குள் இறங்கி, ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில் ஓடுகிற ஆற்றில் படகில் போகலாம். 1889-இல் குகை ஆய்வாளர் எதுவார்-அல்ஃபிரெத் மார்த்தெல் முதலில் இறங்கி ஆராய்ந்த இடம். காலடியில் ஆறே ஓடுகிறது, மேலே குதிரைக்கு ஒரு வாய் தண்ணீர் கிடையாது.

ஒரு குதிரை நாளொன்றுக்கு 30 முதல் 50 லிட்டர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். அந்தக் காலத்து ஆட்டுக்காரர்கள் இதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள். பாறையைக் குடைந்து, களிமண் பூசி, மழைநீர் தேங்குகிற மாதிரி செய்த சின்னக் குட்டைகள் அங்கங்கே உண்டு. ‘சேன் நாம்ஃபேஸ் குட்டைகள்’ என்று பெயர். பேரரசர் சார்லமேனின் படையிலிருந்து விலகித் துறவியான நாம்ஃபேஸ் என்ற புனிதர் வெட்டியவை என்பது கதை. 1:25,000 அளவு வரைபடத்தில் இவற்றைத் தேடிக் குறித்துக்கொண்டு, அன்றைய வழியை ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போகிற மாதிரி அமைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆகஸ்டில் சில வறண்டிருக்கும், அதனால் முந்தின இரவு தங்குகிற வீட்டில் கேட்டுவிட வேண்டும். குட்டைக்குப் போனதும் குதிரை உடனே குடிக்காது. முகர்ந்து பார்க்கும், மூக்கால் மேல் தண்ணீரைத் தள்ளிவிடும், காதை ஆட்டும். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு “இதற்குத் தாகமில்லை” என்று கிளம்பிவிடுகிறவர்கள் நிறைய. லகானைத் தளர்த்திவிட்டுப் பத்து நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். ஒரு குதிரை குடிக்கத் தொடங்கினால் மற்றவையும் குடிக்கும்.

கட்டிப்போடுகிற இடம் அடுத்த தலைவலி. ஊருக்குள் வந்ததும் கையில் கிடைத்த கம்பியிலோ, முச்சந்தியில் நிற்கிற கற்சிலுவையிலோ, கல்லறை வேலியிலோ கட்டிவிடுகிறார்கள். குதிரை மிரண்டு இழுத்தால் நூற்றாண்டுகளாக நின்ற சிலுவையும் பெயர்ந்து வரும். பழைய வீட்டுச் சுவர்களில் விலங்குகளைக் கட்டவென்றே பதித்த இரும்பு வளையங்கள் இருக்கும். வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு, வளையம் உறுதியா என்று இழுத்துப் பார்த்து, அதில் ஒரு சணல் கண்ணி போட்டு, தாம்புக்கயிற்றைக் கண்ணியில் கட்டுங்கள். இழுபறி வந்தால் சணல்தான் அறுபடும். லகானைக் கொண்டு ஒருபோதும் கட்டக் கூடாது, வாய் கிழிந்துவிடும். பக்கத்தில் என்ன செடி இருக்கிறது என்றும் பாருங்கள். கல்லறைத் தோட்டங்களில் நடுகிற ‘யூ’ மரத்தின் இலை ஒரு சில பிடி போதும், குதிரையைக் கொன்றுவிடும். கோஸில் எங்கே பார்த்தாலும் புதராக மண்டிக் கிடக்கிற ‘பாக்ஸ்’ செடியும் விஷம்தான். பசியோடு நிற்கிற குதிரை சும்மா நிற்காது.

மேட்டு நிலத்தில் வழிகளின் இரு பக்கமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள். குறுக்கு வழிக்காக அவற்றைத் தாண்டுவதும், நாலு கல்லை எடுத்துப்போட்டு இடைவெளி உண்டாக்குவதும் வேண்டாம். இப்படிச் சாந்தில்லாமல் சுவர் எழுப்புகிற கலையை 2018-இல் யுனெஸ்கோ பிரான்ஸ் உட்பட எட்டு நாடுகளின் பெயரில் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதைவிட முக்கியம், மறுபக்கம் இன்றைக்கும் ஆடு மேய்கிறது. கண்ணைச் சுற்றிக் கறுப்பாக, மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும் அந்த ஊர் ஆடுகள். படல் திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

சில இடங்களில் இந்தச் சுவர்கள் நடுக்காட்டில் ஓடும். யார் காட்டுக்குள் வந்து சுவர் கட்டினார்கள் என்று தோன்றும். யாரும் இல்லை, காடுதான் பின்னால் வந்தது. லோத் மாவட்டத்தில் 1851-இல் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இருந்தார்கள். திராட்சைக் கொடிகளைப் பூச்சி அழித்தது, பிழைப்புத் தேடி ஆட்கள் நகரங்களுக்குப் போனார்கள், முதல் உலகப் போர் வந்தது. நூறு வருஷத்தில் மக்கள்தொகை பாதியானது, வயல்களில் ஓக் மரம் முளைத்தது. சின்ன ஊரில்கூட ஒரு போர் நினைவுக்கல் நிற்கும். 1914–18 என்று போட்டு வரிசையாகப் பெயர்கள், ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை. அதன் படியில் சேணப்பையைப் பரப்பிவைத்து மதியச் சாப்பாடு சாப்பிடுவது அங்கே யாருக்கும் பிடிக்காது. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

பாரம்பரியம் என்றாலே பட்டியலில் உள்ள ஊர்கள்தான் என்று நினைப்பதும் ஒரு தவறு. ‘பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்’ சங்கம் 1982-இல் கொலோன்ஜில் தொடங்கியது. மக்கள்தொகை 2000-க்கு மேல் போகக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடமோ சின்னமோ குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பதெல்லாம் விதி. தொடங்கியவர் அந்த ஊர் மேயர் ஷார்ல் செராக். அவருடைய உடன்பிறந்தவர்தான் சென்னையில் வாழ்ந்து 2012-இல் மறைந்த இயேசு சபைத் துறவி பியேர் செராக். லயோலா கல்லூரி வட்டாரத்துப் பழைய ஆட்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அவர் பிறந்த மெய்சாக், கொலோன்ஜுக்குப் பக்கத்து ஊர், இந்தப் பாதையிலேயே வருகிறது.

செந்நிறக் கல் வீடுகளுக்காகக் கொலோன்ஜை எல்லாரும் படமெடுக்கிறார்கள். அந்த மாளிகைகள் அங்கே ஏன் வந்தன என்று கேட்டால் தூரென் கோட்டையைக் கை காட்டுவார்கள். தூரென் பிரபுக்கள் 1738 வரை அரசருக்கு வரி கட்டாமல் தனி ராஜ்யமாகவே இருந்தார்கள், கடைசியில் கடன் தாங்காமல் பதினைந்தாம் லூயிக்கு விற்றார்கள். அவர்களுடைய அதிகாரிகள் கட்டிய வீடுகள்தான் கொலோன்ஜில் நிற்பவை. முதலில் கொலோன்ஜ், மறுநாள் தூரென் என்று குதிரையில் போகும்போது இந்தத் தொடர்பு தானாகப் புரியும். பட்டியலில் இல்லாத ஊர்களில் புறாக்கூண்டுக் கோபுரம், பொது ரொட்டி அடுப்பு, துணி துவைக்கிற கூரை போட்ட தொட்டி என்று பார்க்க நிறைய உண்டு. புறா எச்சம் அந்தக் காலத்தில் விலை மதிப்புள்ள உரம், அதனால்தான் கோபுரங்களை அவ்வளவு அழகாகக் கட்டினார்கள். துவைக்கிற தொட்டியில் குதிரையை வாய் வைக்க விடாதீர்கள், வாளியில் மொண்டு கொடுங்கள். கடை வாசலில் குதிரை சாணி போட்டால் நீங்களேதான் அள்ள வேண்டும்.

ரோகமதூர் பற்றி ஒரு வார்த்தை. செங்குத்துப் பாறையில் தொங்குகிற அந்த ஊரில் தேவாலயங்களுக்குப் போக 216 படிகள், யாத்திரிகர்கள் முழங்காலால் ஏறியவை. ஜூலை, ஆகஸ்டில் தெருவில் நிற்க இடமிருக்காது, அந்தக் கூட்டத்துக்குள் குதிரையை நடத்திப் போக நினைக்காதீர்கள். குதிரையை வெளியே பண்ணையில் விட்டுவிட்டு, விடியற்காலையில் கால்நடையாகப் போங்கள். பாறையில் செருகியிருந்த, சார்லமேனின் வீரன் ரோலானின் வாள் என்று பழைய வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்வதைத் தேட வேண்டாம். 2024-இல் அது காணாமல் போய்விட்டது.

சாப்பாட்டில் இரண்டே விஷயம். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் சமையலறை, இரண்டரைக்குப் போய்க் கெஞ்சினாலும் நடக்காது. ஞாயிறு மதியமும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். சைவம் என்றால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள், வாத்துக் கொழுப்பும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கை அதில்தான் வதக்குவார்கள். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வால்நட்டும் இருக்கிற ஊரில் பட்டினி கிடக்க மாட்டீர்கள். யாரிடம் பேசினாலும் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், அப்போதுதான் மறுமொழி வரும்.

சாலையில் குதிரை வலது ஓரமாகப் போக வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். நமக்குப் பழக்கம் இடது, வளைவுகளில் கை தானாக அந்தப் பக்கம் இழுக்கும். குதிரைப் பாதைகளுக்கு ஆரஞ்சு வண்ணக் கோடு அடையாளம். சிவப்பு வெள்ளைக் கோடு நடப்பவர்களுக்கானது, அதை நம்பிப் போனால் நடுவில் படிக்கட்டோ ஒற்றையடிப் பாலமோ வந்து திரும்ப வேண்டியிருக்கும். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். செப்டம்பரில் வேட்டைப் பருவம் தொடங்கிவிடும், அதனால் பளிச்சென்ற மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் விசாவுக்கு எடுக்கிற காப்பீட்டில் குதிரைச் சவாரி அடங்குமா என்று படித்துப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம். சாகச விளையாட்டு என்று சொல்லி அதை விலக்கி வைக்கிற காப்பீடுகள் பல. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, ஆஸ்பத்திரி பில் வரும்போது அதுதான் நடக்கும். சவாரியைப் பெயர் சொல்லிச் சேர்த்த காப்பீடாகப் பார்த்து எடுங்கள்.

பயணம் முடிந்து ஒரு நாள் மிச்சமிருந்தால் தெற்கே பெஷ் மெர்ல் குகைக்குப் போகலாம். 1922-இல் இரண்டு பையன்கள் கண்டுபிடித்தது. ஏறத்தாழ 29,000 வருஷத்துக்கு முன் வரைந்த, உடம்பெல்லாம் புள்ளி போட்ட இரண்டு குதிரைகள் உள்ளே இருக்கின்றன. பாறையின் விளிம்பே ஒரு குதிரையின் தலை மாதிரி இருந்ததைப் பார்த்து அங்கே வரைந்திருக்கிறார்கள். ஓவியங்களுக்குப் பேர்போன இன்னொரு பிரெஞ்சுக் குகையான லாஸ்கோவில் காட்டுவது நகல், இங்கே அசல். ஆனால் ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் விடுவதில்லை. கோடையில் முன்பதிவு இல்லாமல் போனால் திரும்பித்தான் வர வேண்டும். குகைக்குள் குளிரும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.