சிறுநீர் அடைப்பு வரும் பூனைக்கு உணவு தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு, மருத்துவமனையில் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட்டு, ஒருவழியாக வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. அடுத்து எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: இனி இதற்கு என்ன சாப்பாடு போடுவது? கடையில் போய் நின்றால் பாதிப் பைகளில் 'யூரினரி' என்று எழுதியிருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல்முறை பூனை வளர்ப்பவருக்கும் புரிய வேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்தே போவோம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூனை திரும்பத் திரும்ப லிட்டர் பெட்டிக்கு, அதாவது அது மலஜலம் கழிக்கும் மணல் பெட்டிக்குப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை அல்லது ஓரிரு சொட்டுதான் வருகிறது, கத்துகிறது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, வாந்தி எடுக்கிறது என்றால் அது உணவு மாற்றும் நேரம் இல்லை. உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரம். நிறையப் பேர் இதை மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். முழுதாக அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத்தைத் தாக்கும். ஓரிரு நாளிலேயே உயிர் போகலாம். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், காலையில் போகலாம் என்றும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: அடைத்தது எது என்று கேளுங்கள்

'சிறுநீர் அடைப்பு' என்பது ஒரே நோய் இல்லை. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் நீளமாகவும் நுனியில் மிகக் குறுகலாகவும் இருக்கும். அங்கே சிக்குவது கல்லாக இருக்கலாம். சளி, செல்கள், படிகங்கள் எல்லாம் சேர்ந்து திரண்ட அடைப்பானாக இருக்கலாம். எதுவுமே சிக்காமல், சிறுநீர்ப்பை அழற்சியால் குழாய் வீங்கி இறுகிப்போனதாகவும் இருக்கலாம். இந்த அழற்சிக்குப் பல நேரம் காரணமே பிடிபடாது. ஆனால் மனஅழுத்தத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

கல் அல்லது படிகம் என்று சொன்னால், எந்த வகை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பூனைகளில் அதிகம் வருவது இரண்டு வகை. ஒன்று ஸ்ட்ரூவைட். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்து உருவாவது. சிறுநீரில் காரத்தன்மை கூடும்போது வளரும். சரியான உணவு கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே கரைந்துவிடும். இன்னொன்று கால்சியம் ஆக்ஸலேட். எந்த உணவு கொடுத்தாலும் இது கரையாது. வெளியே எடுத்தபின் மீண்டும் வராமல் பார்த்துக்கொள்ள மட்டுமே உணவு உதவும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 1980-களில் பூனைகளுக்கு வந்த கற்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரூவைட். அதனால் உணவு நிறுவனங்கள் மெக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும் வகையில் உணவைத் தயாரித்தன. ஸ்ட்ரூவைட் குறைந்தது. ஆனால் அதன்பின் வந்த ஆண்டுகளில் கால்சியம் ஆக்ஸலேட் கற்கள் கூடின. ஒரு வகைக் கல்லுக்கு நல்லதென்று சிறுநீரை அளவுக்கு மீறி அமிலமாக்கினால் இன்னொரு வகைக்கு வழி திறந்துவிடுகிறோம். ஆகவே 'பக்கத்து வீட்டுப் பூனைக்கு இதுதான் கொடுத்தார்கள்' என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

படி 2: தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள்

என்னைக் கேட்டால் பிராண்டை விட இதுதான் பெரிது. கல்லோ, அடைப்பானோ, அழற்சியோ எதுவானாலும் சிறுநீர் நீர்த்துப்போனால் நல்லது. சிறுநீர் அதிகமாகவும் நீர்த்தும் இருந்தால் தாதுக்கள் திரள்வது குறையும், சிறுநீர்ப்பையும் அடிக்கடி கழுவப்படும்.

பூனைக்கு ஒரு நாளைக்கு, கிலோவுக்குத் தோராயமாக 50 மில்லி தண்ணீர் தேவை. 4 கிலோ பூனை என்றால் சுமார் 200 மில்லி. உலர் உணவில், அதாவது டிரை ஃபுட்டில், ஈரப்பதம் 10 சதவீத அளவுக்குத்தான் இருக்கும். அந்தப் பூனை நாளுக்கு 55 கிராம் உலர் உணவு சாப்பிட்டால் அதில் கிடைப்பது 5 அல்லது 6 மில்லி. மீதி எல்லாவற்றையும் கிண்ணத்திலிருந்து குடித்தாக வேண்டும். பூனை அவ்வளவு குடிக்கிற பிராணி இல்லை. அதன் தாகம் இயல்பிலேயே மந்தமானது, சிறுநீரைக் கெட்டியாக்கிச் சமாளித்துக்கொள்ளும். அதே பூனைக்கு 220 கிராம் ஈர உணவு, டப்பாவிலோ பவுச்சிலோ வருவது, கொடுத்தால் அதில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர். தட்டிலிருந்தே சுமார் 170 மில்லி உள்ளே போய்விடுகிறது.

ஆகவே தேர்வின் முதல் விதி: முடிந்தவரை ஈர உணவு. முழுவதும் முடியாவிட்டால் பாதியாவது. அதோடு ஒவ்வொரு வேளையும் ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுங்கள். முதலில் ஒரு சிறு கரண்டியில் ஆரம்பியுங்கள். பூனை முகர்ந்துவிட்டு நகர்ந்தால் அளவைக் குறையுங்கள். நக்கிக் குடித்தால் நாலைந்து நாள் கழித்துக் கூட்டுங்கள். மேசைக்கரண்டி 15 மில்லி. நாலு வேளைக்கு நாலு கரண்டி என்றால் நாளுக்கு 60 மில்லி கூடுதல்.

இது பலிக்கிறதா என்று லிட்டர் பெட்டியிலேயே பார்க்கலாம். கட்டியாகும் மணல் போடுபவர்கள் கட்டியின் அளவைக் கவனியுங்கள். எலுமிச்சை அளவுக்கு வந்த கட்டிகள் பெரிதாக ஆரம்பித்தால் சிறுநீர் கூடுகிறது என்று பொருள். சின்னச் சின்னக் கட்டிகள் நிறைய வந்தால் எரிச்சல் திரும்புகிறது என்று சந்தேகப்படுங்கள்.

படி 3: லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தில் எழுதியிருப்பது விளம்பரம். பின்பக்கம்தான் தகவல். முதலில், வயது வந்த பூனைக்கு 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். 'துணை உணவு' என்று போட்டிருந்தால் அதை மட்டும் கொடுத்து வளர்க்கக் கூடாது. பார்ப்பதற்கு வெறும் சிக்கன் துண்டுகளாக இருக்கும் பவுச்கள் பல இந்த வகைதான்.

அடுத்தது எண்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு டப்பாவில் மெக்னீசியம் 0.02 சதவீதம், ஒரு உலர் உணவுப் பையில் 0.09 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் பையில் நாலு மடங்குக்கு மேல் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் டப்பாவில் 80 சதவீதம் தண்ணீர். தண்ணீர் போக மீதி 20. 0.02-ஐ 20-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 0.1. பையில் 10 சதவீதம் தண்ணீர் போக மீதி 90. அதே கணக்கில் 0.09 கூட 0.1 தான். இரண்டும் ஒன்றே. புரதம், பாஸ்பரஸ், கால்சியம் எதை ஒப்பிட்டாலும் இப்படித் தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

'ஆஷ்' அல்லது 'சாம்பல்' என்று ஒரு வரி இருக்கும். அது உணவிலுள்ள எல்லாத் தாதுக்களின் மொத்தம். சாம்பல் குறைந்தால் கல் வராது என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடலாம். எந்தத் தாது எவ்வளவு, சிறுநீரின் பிஎச் (அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். அதை லேபிளை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அடுத்த படி.

படி 4: மருத்துவ உணவா, கடை உணவா?

ஒருமுறை அடைப்பு வந்த பூனைக்கு, குறிப்பாக ஸ்ட்ரூவைட் என்றால், மருத்துவர் எழுதிக் கொடுக்கும் உணவில் ஆரம்பிப்பதுதான் பாதுகாப்பு. ஹில்ஸ் சி/டி, ராயல் கேனின் யூரினரி எஸ்/ஓ, பியூரினா யூஆர் ஆகியவை இந்த வகை. இவற்றில் தாதுக்களும் பிஎச்-சும் சேர்த்துக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். ஈர வடிவமும் உலர் வடிவமும் உண்டு. ஈரத்தையே கேளுங்கள். அழற்சிதான் காரணம் என்றால், பால் புரதச் சத்தும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலமும் சேர்த்து, மனஅழுத்தத்தைக் கருதித் தயாரித்த சி/டி வகையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இவற்றில் சில, பூனை அதிகம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காக உப்பைக் கூட்டியவை. சிறுநீரகம், இதயம், ரத்த அழுத்தம் எதிலாவது பிரச்சினை இருந்தால் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம், சிறுநீரை அமிலமாக்கும் மாத்திரையை இந்த உணவோடு சேர்த்து நீங்களாகக் கொடுக்காதீர்கள். உணவே அந்த வேலையைச் செய்கிறது.

மருத்துவ உணவு போடும்போது அதை மட்டும்தான் போட வேண்டும். பாதி இது, பாதி பழைய உணவு என்றால் பயன் போய்விடும். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் தனித்தனி அறையில் வேளைக்கு வைத்து, மீதியை எடுத்துவிடுங்கள்.

படி 5: மெதுவாக மாற்றுங்கள்

மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே புது உணவைத் திணிக்காதீர்கள். குமட்டலோடு இருக்கும் பூனை, அந்த நேரத்தில் வைத்த உணவையே வெறுத்துவிடும். சாப்பிட ஆரம்பித்தபின், 7 முதல் 10 நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். பல வருடம் உலர் உணவே தின்ற பூனைக்கு ஈர உணவின் குழைவு பிடிக்காது. கலக்காமல் பக்கத்தில் ஒரு சிறு துணுக்கு மட்டும் வையுங்கள், லேசாகச் சூடாக்கி வையுங்கள். கூழாக இருப்பது பிடிக்காவிட்டால் குழம்போடு துண்டாக வருவதை வைத்துப் பாருங்கள்.

பட்டினி போட்டால் சாப்பிட்டுவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓரிரு நாள் சாப்பிடாத பூனைக்கு, குண்டான பூனைக்கு இன்னும் எளிதாக, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் பழைய உணவுக்குத் திரும்பி, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எடையையும் கவனியுங்கள். உடல் பருமன் இந்த நோய்க்கு ஒரு காரணி. ஈர உணவு தட்டில் நிறையத் தெரிந்தாலும் கலோரி குறைவு, அதனால் கிராமில் அல்ல, கலோரியில் அளவு பாருங்கள்.

படி 6: கொடுக்கக் கூடாதவை

குழம்பு, சூப் ஊற்றிக் கொடுப்பதென்றால் உப்பும் வெங்காயமும் பூண்டும் இல்லாத, வெறும் வேகவைத்த இறைச்சித் தண்ணீர் மட்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். ஆக்ஸலேட் கல் வந்த பூனைக்கு வைட்டமின் சி கொடுக்காதீர்கள், அது உடலில் ஆக்ஸலேட்டாக மாறும். வீட்டிலேயே சமைத்துக் கொடுக்க விரும்பினால், கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் எழுதித் தரும் செய்முறை வேண்டும்.

படி 7: சோதித்துப் பாருங்கள்

உணவு மாற்றிய 2 முதல் 4 வாரத்தில் சிறுநீரைச் சோதியுங்கள். எடுத்த உடனே பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் போனால் குளிரிலேயே படிகம் உருவாகி, இல்லாத நோயைக் காட்டும். அறிக்கையில் அடர்த்தி எண்ணை (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று காட்டுவது) பாருங்கள். 1.030-க்குக் கீழே வந்திருந்தால் தண்ணீர் வேலை செய்கிறது. 1.050 என்றால், உணவு சரியாக இருந்தாலும் தண்ணீர் போதவில்லை. பிராண்டை மாற்றுவதற்கு முன் கரண்டியைக் கூட்டுங்கள், ஈர உணவின் பங்கைக் கூட்டுங்கள்.

ஸ்ட்ரூவைட் கல்லைக் கரைக்கும் உணவு என்றால் எக்ஸ்-ரே அல்லது ஸ்கேனில் கல் போய்விட்டதைப் பார்த்தபின்தான் நிறுத்துவதோ மாற்றுவதோ. அந்தச் சோதனைக்குப் போகும்போது பூனை சாப்பிடும் எல்லாவற்றின் லேபிளையும் போனில் படம் எடுத்துக் கொண்டுபோங்கள், பிஸ்கட், ட்ரீட் உட்பட. மருத்துவர் கேட்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலைத்தான்.